நான் உச்சுக் கொட்டிய வழக்கு

நான் ஒரு காலத்தில் நீதிபதியாக இருந்தேன். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நம்புகிற ஒன்றிரண்டு பேரும் எவ்வளவு காலம் என்று கேட்டுவிடுகிறார்கள். மூன்று மணி நாற்பது நிமிடம். அதிலும் பதினைந்து நிமிடம் கோப்பி இடைவேளை. மிச்ச நேரத்தில் நான் செய்த காரியத்தால் ஒரு மனிதர் மேலதிகமாக ஐந்து மாதம் பஸ் கழுவ வேண்டி வந்தது. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் அது நியாயமில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒஸ்லோவில், ரொம்மனில் இருந்தோம். எனக்குத் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை. எங்கள் அடுக்குமாடித் தொகுதியில் வசந்த காலத்தில் எல்லோரும் சேர்ந்து வளவு துப்புரவாக்குகிற ஒரு சிரமதானம் நடக்கும். அதில் நான் சருகு கூட்டிக்கொண்டிருக்கும்போது தொகுதித் தலைவர் பக்கத்தில் வந்து நின்று நீண்ட நேரம் ஏதோ சொன்னார். காற்றில் பாதி கேட்கவில்லை. நான் "யா, யா" என்று தலையாட்டினேன். (இஞ்சை வந்து பதினேழு வருசத்திலை நான் பழகின மொழி அரைவாசியும் அந்த ரெண்டு சொல்லுத்தான்.) ஒரு வருடம் கழித்து நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது.

கடிதத்தை முதலில் கண்டவள் என் மனைவி சாந்தி. உறையில் இருந்த முத்திரையைப் பார்த்ததுமே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை."

"ஒண்டும் செய்யாத ஆளுக்கு ஏன் கோட்டிலை இருந்து கடிதம் வருது? உண்மையைச் சொல்லுங்கோ. ஆரையும் இடிச்சனீங்களோ?"

"என்னட்டைக் காரே இல்லையடியப்பா."

"அதுதான் கேக்கிறன், ஆற்றை காரிலை இடிச்சனீங்கள்?"

பள்ளிக்கூடத்தால் வந்த மகள் மதுராதான் கடிதத்தை வாசித்து எங்களை விடுதலை செய்தாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. நான் குற்றவாளி இல்லை, மெட்டொம்மர் என்றாள். இந்த நாட்டில் சாதாரணக் குற்றவழக்கு என்றால் மேடையில் மூன்று பேர் இருப்பார்கள். நடுவில் சட்டம் படித்த நீதிபதி. அவருக்கு இரண்டு பக்கமும் சட்டத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காத இரண்டு பொதுமக்கள். அந்த இரண்டு பேருக்கும் பெயர் மெட்டொம்மர். சிரமதானத்தன்று தொகுதித் தலைவர் கேட்டது அந்தப் பட்டியலுக்கு என் பெயரைக் கொடுக்கட்டுமா என்றுதானாம். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு வாக்கு. படிக்காத இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்தால் படித்தவரைத் தோற்கடிக்கலாம். இப்படி ஓர் ஏற்பாட்டை யார் செய்தார்களோ தெரியாது. என்னை மனதில் வைத்துச் செய்யவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அன்று பின்னேரத்துக்குள் ரொம்மன் முழுவதும், மறுநாள் பக்கத்து வெஸ்ட்லி முழுவதும் நான் நீதவான் ஆகிவிட்டேன். (சாந்தி ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம். அஞ்சு பேருக்குத்தான் சொன்னவவாம்.) தொலைபேசி ஓயவில்லை. வெஸ்ட்லியிலிருந்து குலம் அண்ணை எடுத்தார்.

"தம்பி, வலு சந்தோசம். எனக்கொரு சின்ன அலுவல். மேல்வீட்டுக்காரன் என்ரை டிஷ்ஷை மறைச்சுக் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுறான். தமிழ்ச் சனல் ஒண்டும் வருகுதில்லை. ஒரு ஓடர் போட்டுவிட ஏலாதோ?"

"அண்ணை, எனக்கு அப்பிடி அதிகாரமில்லை."

"இப்ப இல்லை. நாளடைவிலை வரும்தானே."

இதற்கிடையில் வீட்டில் ஒத்திகை நடந்தது. கடிதத்தோடு வந்த சிறு புத்தகத்தில் ஒரு விடயத்தைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: வழக்கு முடியும்வரை உங்கள் எண்ணத்தை எந்த வகையிலும் வெளிக்காட்டக் கூடாது. மதுரா அதை மிகவும் தீவிரமாக எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, உங்கடை முகம் சரியில்லை. நீங்கள் நினைக்கிறதெல்லாம் முகத்திலை ஓடும். முகத்தை நொய்ட்ரலா, ஒண்டையும் காட்டாமல் வைச்சிருக்கோணும்."

"இப்ப எப்பிடி?"

"இப்ப வயித்துக்குத்து மாதிரி இருக்கு."

மூன்று நாள் பழகினேன். என்னைச் சோதிப்பதற்காகச் சாந்தி தன் சிநேகிதி ஒருத்திக்கு நடந்த துயரச் சம்பவத்தைச் சொன்னாள். பெரியபிள்ளையான மகளின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் எடுத்து, ஐந்நூறு பேருக்குச் சொல்லி, சோடனைக்காரரோடு போய் இறங்கினால் அதே மண்டபத்தில் அதே நாளில் வேறு யாருடையவோ கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. பெண்பிள்ளை சாறியோடு கார் தரிப்பிடத்தில் நின்று அழுததாம். சாந்தி சொல்லி முடிக்கும்வரை என் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. மதுரா பக்கத்தில் குந்தியிருந்து உற்றுப் பார்த்துவிட்டு "பாஸ்" என்றாள்.

அந்தத் திமிரோடுதான் ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீதிமன்றம் போனேன். கறுப்புக் கோட், வெள்ளைச் சேட், கழுத்தை நெரிக்கிற டை. வாசலில் நின்ற காவலாளி என்னைக் கண்டதும் சிரித்து, "மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பக்கம்" என்றார். நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றேன். அவருடைய சிரிப்பு குறைந்தது. "அப்படியென்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் இரண்டாம் மாடி" என்றார். கடிதத்தை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டு மின்தூக்கிவரை கூட்டிக்கொண்டு போனார். அந்த மனிதரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அன்று அந்தக் கட்டடத்தில் டை கட்டியிருந்தவர்கள் நானும் குற்றஞ்சாட்டப்பட்டவரும்தான்.

நீதிபதி என்னைவிட வயது குறைந்த பெண். மற்ற மெட்டொம்மர் தூரிட் என்று ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி, கம்பளிச் சட்டையோடு வந்திருந்தார். அவருக்கு இது எட்டாவதோ ஒன்பதாவதோ வழக்கு. பின்னறையில் வைத்து நீதிபதி எனக்கு மட்டும் மெதுவாகச் சொன்னார்:

"ஒன்றே ஒன்றுதான். கடைசிவரை மனதைத் திறந்து வைத்திருங்கள். முகத்தில் ஒன்றும் காட்ட வேண்டாம்."

"கவலைப்பட வேண்டாம். பயிற்சி எடுத்துவிட்டு வந்திருக்கிறேன்" என்றேன்.

(நோர்வேக்காரர் நீதிபதியையும் நீ எண்டுதான் சொல்லுவினம், நீதிபதியும் எங்களை நீ எண்டுதான் சொல்லுவா. அதை அப்பிடியே தமிழிலை எழுத எனக்குக் கை வருகுதில்லை. எல்லாருக்கும் நீங்கள் போட்டிருக்கிறன், குறை விளங்காதேங்கோ.)

வழக்கு இதுதான். ரூனே என்ற பஸ் சாரதி, இருபத்தொரு வருடம் பஸ் ஓட்டினவர். பனி உறைந்த ஒரு நாளில், நிறுத்தத்தில் இறங்கிய ஒரு பயணியோடு வாக்குவாதப்பட்டு அவரைத் தள்ளி விழுத்தினார் என்று குற்றச்சாட்டு. விழுந்தவர் அறுபத்தெட்டு வயதான பியானோ ஆசிரியை. மணிக்கட்டு முறிந்துவிட்டது. தள்ளவில்லை, வழுக்கியவரைப் பிடிக்கத்தான் கை நீட்டினேன் என்பது ரூனேயின் கதை. குற்றவாளி என்று தீர்த்தால் அவர் இனி வாழ்நாளில் பஸ் ஓட்ட முடியாது. இல்லை என்றால் அடுத்த திங்கட்கிழமையே ஓட்டலாம். அவ்வளவுதான் விடயம். ஒரே நாளில் முடிகிற வழக்கு. பின்னேரம் மூன்று மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆசிரியைக்குக் காது கேட்பது குறைவு. அதனால் அன்று அந்த அறையில் எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொரு மைக் வைத்திருந்தார்கள். பேசுவதெல்லாம் அவருடைய காதுக் கருவிக்குள் நேரே போகும், சுவரில் இருந்த பெட்டியிலும் கேட்கும். என் மைக் ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேரே நின்றது.

ரூனே முதலில் சாட்சி சொன்னார். பெரிய உடம்பு, சின்னக் குரல். சம்பவம் நடந்த நாளிலிருந்து தன்னைப் பஸ் ஓட்ட விடுவதில்லை என்றார். தரிப்பிடத்தில் பஸ் கழுவுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். "என் பஸ்ஸை நானே கழுவி, வேறு ஒருவரிடம் சாவியைக் கொடுத்து அனுப்புகிறேன்" என்றார்.

சுவர்ப் பெட்டியில் 'ச்சு' என்று ஒரு சத்தம் வந்தது.

அரசதரப்புச் சட்டத்தரணி தலையை நிமிர்த்தினார். அவர் மீசையும் சரியாக வளராத இளைஞர். ரூனே தொடர்ந்தார். மகள் அதே பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறாளாம். அப்பா ஏன் இப்போது ஓட்டுவதில்லை என்று கேட்டவர்களுக்கு, அப்பாவுக்கு முதுகு வருத்தம் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறாளாம். 'ச்சு, ச்சு.' பெட்டி மறுபடியும் சத்தம் போட்டது. இந்த முறை இரண்டு தரம், சற்று நீளமாக.

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு மனிதன் தன் சீவியத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறான், பின்னால் ஒரு பழுதான பெட்டி நின்று இடைஞ்சல் செய்கிறது. பெரிய ஒழுங்கான நாடு, ஒரு மைக்கைச் சரியாகப் பூட்டத் தெரியவில்லை என்று மனதுக்குள் நினைத்தேன். உடனே பெட்டியும் அதை ஆமோதிப்பதுபோல் 'ச்சு' என்றது. எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. இன்னும் ஒரு 'ச்சு' வந்தது.

கோப்பி இடைவேளையில் சேவகர் ஒருவர் ஏணி கொண்டுவந்து பெட்டியைக் கழற்றி, ஊதி, மறுபடி பூட்டினார். நான் கீழே நின்று வயர் தளர்ந்திருக்கும் என்று ஆலோசனை சொன்னேன். (ஏணியைப் பிடிச்சதும் நான்தான்.)

அடுத்தது ஆசிரியையின் சாட்சியம். மெலிந்த பெண்மணி, வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டு இருந்தார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தவர். இப்போது இரண்டு விரல் மடங்குவதில்லை. பியானோவை விற்கவும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை என்பதால் அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி வைத்திருப்பதாகச் சொன்னார்.

'ச்சு, ச்சு.'

ஆசிரியை திடுக்கிட்டுக் காதைப் பொத்தினார். கருவியை வெளியே எடுத்து, தட்டிப் பார்த்து, மறுபடி போட்டார்.

"மன்னியுங்கள். நான் ஏதாவது சொன்னால் யாரோ என் காதுக்குள் இருந்து சத்தம் போடுகிறார்கள்" என்றார்.

"பாவம்" என்று நினைத்தேன். 'ச்சு.' அவர் கதிரையிலிருந்து துள்ளிவிட்டார்.

அப்போதுதான் தூரிட், நீதிபதியின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, ஒரு சிறு கடதாசியை என் பக்கம் தள்ளினார். அதில் அழகான எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'அது நீங்கள்தான்.'

நான் முதலில் நம்பவில்லை. சத்தியமாக நம்பவில்லை. பிறகு வாயை மூடிக்கொண்டு நாக்கு எங்கே இருக்கிறது என்று தேடினேன். மேலண்ணத்தில் ஒட்டி, அடுத்ததற்கு ஆயத்தமாக நின்றது. வீட்டில் நடந்த ஒத்திகை அப்போதுதான் முழுதாக ஞாபகம் வந்தது. சாந்தி கதை சொன்னாள், நான் உச்சுக் கொட்டினேன். சொல்லிச் சொல்லி அவளும் கொட்டினாள். பரீட்சை வைத்த மதுராவும் குந்தியிருந்து கொட்டினாள். முகத்தைத் தவிர வேறொன்றையும் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒருவர் துயரம் சொல்லும்போது உச்சுக் கொட்டாத ஒரு தமிழன் பக்கத்தில் இருந்திருந்தால்தானே வித்தியாசம் தெரியும்?

அதற்குள் அரசதரப்பு எழுந்துவிட்டது. அந்த இளைஞர் தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து, வலதுபக்க மெட்டொம்மர் குற்றஞ்சாட்டப்பட்டவரின் சாட்சியத்தின்போது ஐந்து தடவை அனுதாபச் சத்தம் எழுப்பினார், அவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டதாகத் தெரிகிறது என்றார். (அறுவான் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறான்.) உடனே ரூனேயின் சட்டத்தரணி எழுந்தார். அவரும் எண்ணியிருந்தார். ஆசிரியைக்கு மூன்று தடவை, அதிலும் கடைசி இரண்டும் மிகவும் உருக்கமானவை, ஆகவே பாதிக்கப்பட்டது தன் கட்சிக்காரர்தான் என்றார். அந்த ஐந்தில் நான்காவது ரூனேக்குரியதா ஒலிபெருக்கிக்குரியதா என்பதிலும் இருவரும் சிறிது நேரம் சண்டை பிடித்தார்கள்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதை நான் நீதிமன்றப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தச் சத்தத்தை ஒருமுறை செய்து காட்ட முடியுமா?"

நான் செய்து காட்டினேன். மைக்கைத் தள்ளிவைக்க மறந்துவிட்டேன். ஆசிரியை மறுபடி துள்ளினார்.

"இதற்கு உங்கள் மொழியில் என்ன பொருள்?"

"பொருள் ஒன்றுமில்லை. எங்கள் ஆட்களில் ஒருவர் கஷ்டம் சொல்லும்போது சும்மா இருந்தால் காது கொடுக்கவில்லை என்று அர்த்தம். மரியாதைக் குறைவு. அதனால் இடைக்கிடை இப்படிச் செய்வோம்."

"அப்படியென்றால் சொல்கிறவரை நம்புகிறீர்கள் என்று அர்த்தமா?"

என் வாழ்க்கையில் நான் சரியான பதில் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி அது. நான் உண்மையைச் சொன்னேன்.

"இல்லையில்லை. பொய் சொன்னாலும் செய்வோம்."

ரூனேயின் சட்டத்தரணி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அப்படியானால் என் கட்சிக்காரர் பொய் சொன்னார் என்று மெட்டொம்மர் கருதுகிறாரா?" என்றார். அரசதரப்பு இளைஞர் அதே கேள்வியை ஆசிரியைக்காகக் கேட்டார். நான் இருவரையும் பார்த்து, அப்படியில்லை, தொலைக்காட்சி நாடகத்துக்கும் செய்வேன் என்றேன். தூரிட் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நிலையிலும் தப்பியிருக்கலாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. நீதிபதி நல்ல பெண். இரண்டு பக்கத்துக்கும் சத்தம் போட்டிருக்கிறார், இது பண்பாட்டுப் பழக்கம், இனிச் செய்யமாட்டார் என்றால் தொடரலாம் என்பதுபோல் கதைத்துக்கொண்டு வந்தார். மாற்று ஆள் இல்லை, என்னை எடுத்தால் வழக்கைப் புதிதாக முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குச் செப்டம்பருக்கு முன் திகதி கிடையாது என்றும் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினார். என்னைப் பார்த்து, "இனிச் சத்தம் வராதுதானே?" என்று கேட்டார். "வராது" என்றேன். நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துப் பிடித்தேன்.

கடைசியாக, அவர் ரூனேயின் கருத்தைக் கேட்டார். ரூனே எழும்பி நின்றார்.

"அவர் என்ன சத்தம் வேண்டுமானாலும் போடட்டும். எனக்குப் பரவாயில்லை. எனக்கு இது இன்றைக்கு முடிய வேண்டும். பதினைந்து மாதம் காத்திருந்துவிட்டேன்."

பதினைந்து மாதம். ஒரு பெரிய மனிதன், டை கட்டிக்கொண்டு, சின்னக் குரலில், இன்றைக்கு முடிய வேண்டும் என்று கெஞ்சுகிறான்.

'ச்சு.'

சுவர்ப் பெட்டியில் அது தெளிவாக, நீளமாக, மிகுந்த துயரத்தோடு கேட்டது. நீதிபதி பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். நேரம் பன்னிரண்டு நாற்பது.

வெளியே கோட் கொழுவுகிற இடத்தில் ரூனேயைக் கண்டேன். போகாமல் நின்றால் நல்லதா, ஓடினால் நல்லதா என்று தெரியவில்லை. "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் டையைக் கழற்றிச் சுருட்டிக் கோட் பைக்குள் வைத்துக்கொண்டு படியால் இறங்கிப் போனார். மின்தூக்கிக்குக்கூட நிற்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வரும்போல இருந்தது. நான் செய்தது வேடிக்கை இல்லை, ஒருவருடைய சீவியத்தில் ஐந்து மாதம் என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குப் போனால் குலம் அண்ணை குடும்பத்தோடு வந்து சோபாவில் இருக்கிறார். சாந்தி பற்றிஸ் பொரித்து வைத்திருக்கிறாள். நான் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னரே விசாரணை தொடங்கிவிட்டது.

"என்ன தீர்ப்புத் தம்பி? உள்ளுக்கோ வெளியிலையோ?"

"வழக்கை ஒத்திவைச்சாச்சு."

"ஏனப்பா?" இது சாந்தி.

"ஒரு நீதிபதியிலை பிழை."

"நான் நினைச்சனான். அந்த நடுவிலை இருக்கிற ஆளோ?"

"இல்லை. வலப்பக்கத்திலை இருந்தவர்."

சாந்தி குசினி வாசலுக்கு வந்தாள். எண்ணெய்க் கரண்டி கையிலேயே இருந்தது. "நீங்கள் எந்தப் பக்கம் இருந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மைக், காதுக் கருவி, ஏணி பிடித்தது, பதினைந்து மாதம், கடைசிச் சத்தம் எல்லாம். சொல்லி முடிக்க, சோபாவிலிருந்த குலம் அண்ணை என்னைப் பரிதாபமாகப் பார்த்து "ச்சு ச்சு" என்றார். அவருடைய மனைவி "ச்சு" என்றார். சாந்தி கரண்டியோடு நின்று, எல்லோரையும்விட உரத்து, மூன்று தரம் கொட்டினாள்.

"ஒருத்தரும் அந்தச் சத்தம் போடாதேங்கோ!" என்று கத்தினேன்.

"ஐயோ பாவம், மனுசன் நல்லா நொந்துபோச்சு" என்று சொல்லி, குலம் அண்ணை மறுபடியும் ஒன்று கொட்டினார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவுக்கு வெளியில் அது பத்து நிமிடம் கேட்டுக்கொண்டே இருந்தது.

செப்டம்பர் வழக்கில் என்ன நடந்தது என்று கேட்க எனக்கு முகமில்லை. நீதிமன்றம் என்னை அதன்பின் கூப்பிடவும் இல்லை. பட்டியலில் என் பெயர் இன்னும் மூன்று வருடம் இருந்தது. அவர்களுடைய மௌனத்தில் ஒரு தீர்ப்பு இருந்தது. அந்த ஐந்து மாதமும், வந்து நிற்கிற பஸ் கழுவிப் பளபளப்பாக இருந்தால், அதை விட்டுவிட்டு அடுத்ததற்காக நிற்பேன்.

ஒக்ரோபரில் ஒரு நாள், மதுராவுக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்கப் போவதற்காக இருவரும் ஸ்தொவ்னரில் பஸ் ஏறினோம். மாதச் சீட்டைக் காட்ட நிமிர்ந்தால், சாரதி இருக்கையில் ரூனே. சீருடை போட்டிருந்தார். டை இல்லை. என் மனதில் ஒரு பெரிய பாரம் இறங்கியது. விடுவித்துவிட்டார்கள்! எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அவருக்கு அப்படித் தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவர் முகம் நொய்ட்ரலாக இருக்கப் பழகவில்லை.

"ஐந்து மாதம்" என்றார். "கோடைகாலம் முழுக்க. கையெல்லாம் வெடித்துவிட்டது."

கையைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கையில் சிவப்புச் சிவப்பாக வெடிப்புகள். நான் பார்த்தேன். பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் நாக்குத்தான் பொறுப்பு.

'ச்சு.'

அவருக்கு முன்னால் நிறுத்தங்களை அறிவிக்கிற மைக் திறந்திருந்தது. அது பஸ் முழுக்கக் கேட்டது. கடைசி இருக்கையில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். மதுரா என் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ரூனே என்னை நீண்ட நேரம் பார்த்தார். சிரிப்பாரா, இறக்கிவிடுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"போய் இருங்கள்" என்றார் கடைசியில்.

அதன்பிறகு பல வருடம் அந்த வழியில் அவர் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். வணக்கம் சொல்வோம், வானிலை கதைப்போம். ஒருமுறை மகளின் படத்தைக்கூடக் காட்டினார். ஆனால் நான் படியில் கால் வைத்ததும் அவருடைய வலது கை தானாகப் போய் மைக்கை நிறுத்துகிற பொத்தானை அமர்த்திவிடும். அதற்குப் பிறகுதான் "எப்படிச் சுகம்?" என்று கேட்பார்.

மதுரா அதைக் கண்டுவிட்டாள். அவள் கண்டது எங்கள் சொந்தக்காரர் இருக்கிற எல்லா நாட்டுக்கும் போய்விட்டது. கனடாவிலிருந்து மைத்துனர் எடுத்தால், வருத்தமான செய்தி ஏதும் சொல்வதற்கு முன், "அத்தான், மைக்கை நிப்பாட்டிப்போட்டியளோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். செத்தவீட்டுச் செய்தியையும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் கேட்கும்போது ஒன்றும் செய்வதில்லை. கொட்டினால் சிரிக்கிறார்கள். கொட்டாவிட்டால் கல்நெஞ்சன் என்கிறார்கள்.

போன வருடம் மதுராவுக்குக் கல்யாணம். இரவுச் சாப்பாட்டில் நோர்வே முறைப்படி ஒவ்வொருவராக எழும்பிப் பேசினார்கள். மணப்பெண் முறை வந்தபோது அவள் எழுந்து, "முதலில் யாராவது அப்பாவின் முன்னால் இருக்கிற மைக்கை எடுத்துவிடுங்கள்" என்றாள். விடயம் தெரிந்த பாதி மண்டபம் சிரித்தது. மைக்கை எடுத்துச் சாந்தியின் பக்கம் வைத்தார்கள். பிறகு மகள் பேசினாள். நான் இரண்டு வேலை செய்து அவளைப் படிப்பித்தது, பனிக்காலத்தில் அவளுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிவிட்டு நான் பழையதோடு நடந்தது எல்லாம் சொன்னாள். கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, ஒரு சத்தமும் வராமல் இருந்தேன். என் வாழ்க்கையில் முதல்தடவையாக முழுசாக வென்றேன்.

பெட்டியில் 'ச்சு, ச்சு, ச்சு' என்று கேட்டது சாந்தியிடமிருந்து. மண்டபம் முழுதும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தது. "நான் இல்லை" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. சாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மற்ற எல்லோரையும்போல என்னைத் திரும்பிப் பார்த்து, "இண்டைக்காவது கொஞ்சம் அடக்கிக்கொண்டு இருக்கக் கூடாதோ?" என்றாள்.